கிரீன்வாஷ்: பசுமைப் பூச்சா, பசுமைப் பசப்பா?

வண்டிகளுக்கு எஞ்சின் ஆயில் மாற்றித் தரும் ஒரு கடையின் பெயர்ப் பலகையில் பச்சை இலை வரைந்திருக்கிறது. இலையின் நுனியில் பொன்னிறத்தில் ஒரு சொட்டு எண்ணெய். கீழே, "சுற்றுச்சூழலுக்கு உகந்த சேவை" என்று ஒரு வரி. வண்டியிலிருந்து வடித்தெடுத்த கருப்பு எண்ணெய் அன்று மாலை எங்கே போனது என்பதைப் பற்றிப் பலகையில் ஒரு சொல்கூட இல்லை. இப்படிப்பட்ட பலகைக்கு ஆங்கிலம் வைத்த பெயர் கிரீன்வாஷ்.

இயற்கைக்குத் தான் செய்யும் தீங்கை மறைத்தோ, செய்யாத நன்மையைச் செய்ததாகக் காட்டியோ ஒரு நிறுவனம் வாங்குபவரின் நம்பிக்கையைப் பெறுவதே இச்சொல்லின் பொருள். அது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சிறிய உண்மையை முன்னால் நிறுத்திப் பெரிய உண்மையைப் பின்னால் தள்ளுவதும் இதில் அடங்கும். நடைமுறையில் இரண்டாவது வகைதான் அதிகம், அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினமும்.

ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1986-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இச்சொல் பரவியது. விடுதி அறைகளில் வைக்கப்படும் ஓர் அட்டையைப் பற்றி அவர் எழுதினார். துண்டை மறுபடியும் பயன்படுத்திப் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று விருந்தினரை அந்த அட்டை கேட்டுக்கொள்ளும். துண்டைத் துவைக்காவிட்டால் மிச்சமாவது விடுதியின் சலவைச் செலவு. மற்றபடி இயற்கையைக் காக்க அந்த விடுதிகள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சுவரின் கறையைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பதைக் குறிக்கும் ஒயிட்வாஷ் என்ற சொல், குற்றத்தை மறைப்பது என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் முன்பே வழங்கி வந்தது. அதில் வெள்ளையை எடுத்துவிட்டுப் பச்சையை வைத்ததும் புதுச்சொல் பிறந்துவிட்டது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'பசுமைப் பூச்சு' என்ற மொழிபெயர்ப்பு நன்றாகவே இருக்கிறது. குறையை மறைத்துப் பேசுவதற்குப் 'பூசி மெழுகுவது' என்று நம்மிடம் பழைய வழக்கு உண்டு என்பதால், பூச்சு என்றதும் கருத்து பிடிபட்டுவிடும். ஆனாலும் எனக்கு அதில் ஒரு நிறைவின்மை இருக்கிறது. பூச்சு என்பது சுவருக்கும் பாத்திரத்துக்கும் நல்லது செய்வது, துருப்பிடிக்காமல் காப்பது. ஏமாற்று என்ற கசப்பு அச்சொல்லுக்குள் இல்லை.

'பசப்பு' என்ற சொல் அந்த வேலையைச் செய்யும். பச்சை, பசுமை, பசலை ஆகியவை பிறந்த அதே வேரில் பிறந்த பசப்பு, மேனியில் படரும் வெளிறிய நிறத்தைக் குறிக்கிறது. திருக்குறளின் 119-ஆம் அதிகாரத்துக்குப் 'பசப்புறு பருவரல்' என்று பெயர். பிரிவால் வாடும் பெண்ணின் தோலில் ஏறும் அந்த நிறம் பச்சையோடு உறவுடையது, ஆனால் நலத்தின் அடையாளம் அன்று. இன்றைய வழக்கில் பசப்பு என்றால் இனிக்கப் பேசி ஏய்ப்பது. 'பசப்பு வார்த்தை', 'பசப்பாதே' என்றெல்லாம் சொல்கிறோம். நிறமும் ஏய்ப்பும் ஒரே வடிவத்தில் பொருந்தி வரும் இப்படியொரு வாய்ப்பு ஆங்கிலத்துக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கிரீன்வாஷுக்குப் 'பசுமைப் பசப்பு' என்பதே என் தேர்வு. பெயராக வைத்துக்கொள்ளலாம், 'பசுமை காட்டிப் பசப்புகிறார்கள்' என்று வினையாகவும் எழுதலாம்.

இச்சொல்லை ஆயில் கடையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பசப்பும் உண்மையான பசுமையும் ஒரே சொற்களைப் பேசுகின்றன.

எஞ்சின் ஆயிலைப் பாடநூல்கள் உயவு எண்ணெய் என்கின்றன. எள்ளின் நெய்யே எண்ணெய் ஆனது. ஆங்கிலத்தின் ஆயிலும் ஆலிவ் மரத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். இரு மொழிகளிலும் ஒரு செடியின் பெயர், நிலத்தடியிலிருந்து எடுக்கும் பொருளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மண்ணில் கொட்டினால் மண் செரித்துக்கொள்ளும் என்ற எண்ணத்தைப் பெயரே தந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எஞ்சின் ஆயில் அவ்வளவு எளிதில் செரிமானம் ஆகாது. தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் புது எண்ணெயிலேயே உள்ளன. ஓட ஓட அதில் உலோகத் துகள்கள், புகைக்கரி, எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் நச்சு ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் சேர்கின்றன. நீரில் விழுந்தால் மெல்லிய படலமாகப் பரவி, காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவதைத் தடுக்கிறது. ஒரு லிட்டர் பழைய எண்ணெய் 10 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லிவரும் விகிதம். ஒரு காரில் ஒரு முறை மாற்றும்போது வடிவது ஏறக்குறைய 4 லிட்டர்.

இத்தனையும் சேர்ந்த பிறகும் அந்த எண்ணெய் அடிப்படையில் தேய்ந்து போவதில்லை, பெரும்பாலும் அழுக்குதான் ஆகிறது. அதனால் பழைய ஆயிலைக் 'கழிவு எண்ணெய்' என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். கழிவு என்றால் கொட்டிவிடத்தான் கை போகும். 'பயன்படுத்திய எண்ணெய்' என்றால் இன்னும் பயன் இருக்கிறது என்பது புரியும்.

பசப்பு வசதியாகக் குடியேறும் இடம் 'மறுசுழற்சி' என்ற சொல். "நாங்கள் ஆயிலை மறுசுழற்சி செய்கிறோம்" என்று கடை சொன்னால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஒன்று, எண்ணெயைச் சூளைக்கோ கொதிகலனுக்கோ எரிபொருளாக அனுப்புவது. எரித்தால் அது ஒரே முறையோடு தீர்ந்தது. சரியான வடிகட்டி இல்லாத அடுப்பில் எரித்தால் உலோகங்கள் புகையோடு காற்றில் கலக்கும். மற்றது, நீரைப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜனோடு வினைப்படுத்தி மீண்டும் அடிப்படை எண்ணெயாக்குவது. இப்படி எடுத்ததில் தேவையான சேர்மங்களைக் கலந்தால் மறுபடியும் எஞ்சினுக்கே போகும். புது எண்ணெய்க்கு உள்ள அதே தரச் சோதனைகளில் தேறி, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரமுத்திரையையும் பெற முடியும். முதலாவதை 'எரித்துத் தீர்ப்பது' என்றும் இரண்டாவதை 'மறுசுத்திகரிப்பு' என்றும் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். மறுசுத்திகரிப்பு என்றால் மட்டும் போதும் என்றும் இல்லை. அமிலத்தையும் களிமண்ணையும் கொண்டு செய்யும் பழைய முறை, அமிலக் கசடு என்ற புதிய நஞ்சை மிச்சம் வைக்கிறது.

நல்ல செய்தியும் பசப்பாகிவிடும் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். சுமார் இரண்டரை லிட்டர் உயவு எண்ணெய் எடுக்க 159 லிட்டர் கச்சா எண்ணெய் வேண்டும், பயன்படுத்திய எண்ணெயாக இருந்தால் 4 லிட்டருக்கும் குறைவாகவே போதும் என்பார்கள். கணக்கு சரியானது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்வது. ஆனால் அந்த 159 லிட்டரில் மீதி வீணாவதில்லை, பெட்ரோலாகவும் டீசலாகவும் தாராகவும் பிரிகிறது. அதைச் சொல்லாமல் எண்களை மட்டும் எழுதினால், வாசிப்பவர் 150 லிட்டருக்கு மேல் மிச்சம் என்று நினைப்பார். மறுசுத்திகரிப்பின் பயன் உண்மையானது. அதை ஊதிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

'மக்கும் எண்ணெய்' என்ற சொல்லையும் இப்படியே பார்க்க வேண்டும். தாவர மூலத்திலிருந்து செய்த எண்ணெய் புதிதாக இருக்கும்போது மக்கலாம். எஞ்சினில் ஓடிய பிறகு அதிலும் அதே உலோகங்களும் கரியும் சேர்ந்திருக்கும், அதையும் சேகரித்துத்தான் ஆக வேண்டும். செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயில் நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான். அந்தக் காரணத்தால் மட்டும் அது மக்கும் பொருளாகிவிடாது.

நேர்மையான கடையை எப்படி அறிவது? ஃபில்டரைக் கழற்றியவுடன் குப்பையில் போடாமல், துளையிட்டு, சூடு இருக்கும்போதே ஒரு தட்டில் கவிழ்த்து வைத்துக் குறைந்தது 12 மணி நேரம் வடிய விடுகிறார்களா என்று பாருங்கள். வடித்த எண்ணெயோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டையும் பிரேக்கைத் துடைக்கும் பிரேக் கிளீனரையும் கலக்காமல் தனித்தனியாக வைக்கிறார்களா என்று பாருங்கள். சில கிளீனர்களில் இருக்கும் குளோரின் சேர்ந்த கரைப்பான் கொஞ்சம் கலந்தாலும் மொத்தப் பீப்பாயையும் மறுசுத்திகரிப்புக்குக் கொடுக்க முடியாமல் போகலாம். பசுமை இந்தத் தட்டிலும் பீப்பாயிலும் இருக்கிறது. பலகையில் எழுத வேண்டியதும் இதைத்தான்: சென்ற ஆண்டு இத்தனை லிட்டர் வடித்தோம், இத்தனை லிட்டர் மறுசுத்திகரிப்புக்குப் போனது, ரசீதைக் கேட்டால் காட்டுவோம். இதைவிட வலுவான பசுமை விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் இந்தப் பக்கமாகவே நகர்கிறது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1992-இல் வெளியிட்டு, 2012-இல் கடைசியாகத் திருத்திய கிரீன் கைட்ஸ் என்ற வழிகாட்டி, விளக்கம் இல்லாமல் பொதுவாகப் 'பசுமையானது' என்று சொல்லிக்கொள்வதை எச்சரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய நெறிமுறை, நிரூபிக்க முடியாத 'சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுக் கூற்றுகளைத் தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறைக்கு உரியது.

இன்னொரு பசப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இலை வரைந்த அதே கடை, 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கட்டாயம் வாருங்கள் என்று சிறு ஸ்டிக்கரை வண்டியில் ஒட்டி அனுப்பும். இன்றைய கார்கள் பலவற்றின் கையேடு 12,000 முதல் 16,000 கிலோமீட்டர் வரை அனுமதிக்கிறது. கடுமையான வெப்பம், தூசி, நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது போன்ற நிலைகளில் முன்னதாக மாற்றச் சொல்வதும் அதே கையேடுதான். ஆகவே இடைவெளியைக் கையேட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தேவையில்லாமல் வடித்த நான்கு லிட்டரை எவ்வளவு நன்றாக மறுசுத்திகரித்தாலும், அது வடிக்காமல் விட்ட நான்கு லிட்டருக்கு ஈடாகாது. "உங்கள் ஆயில் இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும், அப்போது வாருங்கள்" என்று சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடைக்கு அன்றைய வருமானம் போகும். அந்தக் கடையின் பலகையில் இலை வரைந்திருந்தால், அதைப் பசப்பு என்று நான் எழுத மாட்டேன்.