டென்டில் தங்கப் போகிறீர்களா? ராத்திரிக்கு என்ன எடுத்து வைத்தீர்கள்?

பெங்களூரில் அல்சூர் பக்கம் கிளினிக் வைத்து 22 வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் இப்போது ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. "டாக்டரம்மா, நாளைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு டென்ட்ல தங்கப் போறோம். எதுக்கும் ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்பார்கள். கனகபுரா ரோடு, ராமநகரம், நந்தி மலை அடிவாரம். ஒரு நாள் லீவு சேர்ந்து கிடைத்தால் சக்லேஷ்பூர், சிக்மகளூர்.

போன மாதம் ஒரு அப்பா தன் போனில் இருந்த லிஸ்ட்டைக் காட்டினார். நாற்பது சாமான் இருக்கும். பார்பிக்யூ அடுப்பு, கரி 5 கிலோ, ப்ளூடூத் ஸ்பீக்கர், பேட்மின்டன் மட்டை, மசாலா தடவிய கோழிக்கு ஒரு டப்பா, அந்த டப்பாவை ஐஸில் வைக்க இன்னொரு டப்பா. "டார்ச் லைட்?" என்று கேட்டேன். "அதான் போன்ல இருக்கே டாக்டர்" என்றார்.

லிஸ்ட்டில் இருந்தது எல்லாமே பகலுக்கு. டிசம்பரில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மறுநாள் ஆறரைக்குத்தான் வெளிச்சம் வரும். சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு மதியம் திரும்புகிறவர்கள் அங்கே இருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் இருட்டு. டென்டுக்குப் போய் வந்து என்னிடம் வரும் தொந்தரவுகளைக் கணக்குப் போட்டால் பெரும்பாலானவை அந்தப் பாதியில் நடந்தவை. அதனால்தான் லிஸ்ட் காட்டும் எல்லோரிடமும் இப்போது ஒரே கேள்வி கேட்கிறேன்: ராத்திரிக்கு என்ன எடுத்து வைத்தீர்கள்?

முதலில் அந்தக் கரி. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக கிளினிக்குக்கு வந்து நின்றது ஒரு குடும்பம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூட ஒரு பாட்டி. அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். சின்னவன் தோளைவிட்டு நிமிரவே இல்லை. "பன்னீர் கெட்டுப்போச்சு போல டாக்டர், ஃபுட் பாய்சன்" என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். ஆனால் யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை. நாலு பேருக்கும் ஒரே மாதிரி மண்டையைப் பிளக்கும் தலைவலி. பாட்டிக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவரும் அதே பன்னீரைத்தான் சாப்பிட்டிருந்தார். "நீங்க எங்கே படுத்தீங்க பாட்டி?" என்றேன். கட்டாந்தரையில் படுத்தால் இடுப்பு போய்விடும் என்று கார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு சீட்டிலேயே படுத்துக்கொண்டாராம்.

மற்ற நாலு பேரும் டென்டில். குளிர் தாங்காமல், சமைத்து முடித்த பார்பிக்யூ தட்டை உள்ளே எடுத்து வைத்து ஜிப்பை இழுத்து மூடியிருக்கிறார்கள். கரி பூத்துச் சாம்பல் மூடியிருந்தது, புகையே இல்லை, அப்புறம் என்ன ஆபத்து என்று நினைத்திருக்கிறார்கள். புகை இல்லாத கரிதான் ஆளைக் கவிழ்க்கும். கனல் இருக்கும்வரை அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமான பிடி. பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறிவிடும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். அதில் 99 காட்டியது, அதனால்தான் தைரியமாக இருந்தோம் என்றார் அப்பா. விரலில் மாட்டும் அந்தக் கருவிக்கு ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து 99 என்று சொல்லிவிடும். ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வெறும் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும். மறுநாள் நாலு பேரும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். ஜிப் அடியில் சரியாக மூடாமல் ஒரு சாண் இடைவெளி இருந்ததாம். அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

கரியோ விறகோ கேஸ் ஸ்டவ்வோ எதுவும் டென்டுக்குள் வரக்கூடாது. கொசுவர்த்திச் சுருளும்தான், நைலான் துணி பக்கத்திலேயே இருக்கிறது. கூட இருந்த பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், அப்புறம்தான் மற்ற யோசனை.

சரி, குளிருக்கு என்ன செய்வது? குளிர் தரையிலிருந்து ஏறுகிறது. மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிடக் கீழே ஒன்று கூடுதலாக விரிப்பது நல்லது. யோகா மேட், அதன் மேல் ஜமக்காளம் போதும். பகலெல்லாம் ஓடி வியர்த்த சட்டையோடு பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள், படுக்கும் முன் உள்ளாடை வரை மாற்றிவிடுங்கள். தலைக்குக் குல்லா, காலுக்குக் காய்ந்த சாக்ஸ். குரங்குக் குல்லா போட்டால் போட்டோ நன்றாக வராது என்று ஒரு பெண் அழுததும் உண்டு.

அடுத்து பாம்பு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பெரும்பாலான குடும்பங்கள் ஒன்றைக்கூடப் பார்க்காமல்தான் திரும்பி வருகின்றன. ஆனால் "நட்சத்திரம் பார்த்துக்கிட்டே வெளியிலேயே படுத்துட்டோம்" என்று யாராவது சொன்னால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். கடிபட்டவர் தூக்கத்திலிருந்து எழாமலே இருந்துவிடுவதுண்டு. விடியற்காலை வயிற்றைப் பிசைகிற வலி வரும், ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அப்புறம் கண் இமை தானாகக் கீழே விழும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. தரையில் படுத்து எழுந்த ஒருவருக்குக் காலையில் வயிற்று வலியோடு இமையும் சொருகினால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆகவே தரைத்துணி சேர்த்துத் தைத்த டென்ட், ஜிப் எப்போதும் மூடியபடி, செருப்பும் ஷூவும் உள்ளே. வெளியே விட்டிருந்தால் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள், தேளும் அங்கேதான் ஒதுங்கும். ஆளுக்கொரு டார்ச் வேண்டும், தலையில் மாட்டுகிற வகையாக இருந்தால் பிள்ளையைத் தூக்கக் கை காலியாக இருக்கும். போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு அதில் 9 சதவீதம்தான் இருக்கும், அவசரத்துக்குப் பேசுவதற்கும் அதே போன்தான்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது. (அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதில் பெரிய பங்கு.) கர்நாடகத்தில் 2024இலிருந்து பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த அளவுக்கு இங்கே இது முக்கியமான விஷயம்.

கிளம்பும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று கேட்டு, பெயர், வழி, போன் நம்பர் மூன்றையும் காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் பொதுவாக இருக்கும், ஆனாலும் போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. ஆம்புலன்ஸுக்கு 108, சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, கோவையிலிருந்து வேலைக்கு வந்து இன்னும் கன்னடம் பிடிபடாதவர்களுக்கு இரண்டே சொல் சொல்லித் தருகிறேன்: "ஹாவு கச்சிதே". பாம்பு கடித்துவிட்டது. வழியில் யாரிடம் சொன்னாலும் வண்டி நிற்கும்.

இனி மருந்துப் பை. இதில் நடக்கும் தவறு எல்லாமே இருட்டில் நடப்பது. வீட்டில் காய்ச்சல் மருந்து மூன்று பாட்டில் இருக்கும்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 உள்ள சிரப், ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்து. மூன்றும் பாராசிட்டமால்தான். 14 கிலோ குழந்தைக்கு 250 சிரப்பில் 4 மில்லி கொடுத்தால் 200 மில்லிகிராம், சரியான அளவு. அதே 4 மில்லியைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து கொடுத்தால் 400, இரண்டு மடங்கு. 120 சிரப்பில் கொடுத்தால் நூறுகூட இல்லை, காய்ச்சல் இறங்கவில்லையே என்று ஊரே விழித்திருக்கும். ஒரே ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள். அதன் மேல் வெள்ளை டேப் ஒட்டி, பிள்ளையின் பெயர், எடை, எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். எழுத வேண்டிய அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கொடுத்த நேரத்தையும் அதிலேயே குறித்துவிட்டால், பாதித் தூக்கத்தில் அப்பா ஒருமுறை அம்மா ஒருமுறை என்று இரண்டு தடவை கொடுப்பது நடக்காது.

ஓஆர்எஸ் பாக்கெட் நாலு. 20.5 கிராம் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் உப்பு ஏறி, பிள்ளைக்கு நல்லது செய்யப்போய்க் கெடுதலாக முடியும். ஒரு லிட்டர் பாட்டிலில் அளவுக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் டப்பாவில் விற்கும் இனிப்பு ஜூஸ் இதற்கு மாற்று கிடையாது.

வீசிங் உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலரும் ஸ்பேசரும் (அதோடு மாட்டும் குழாய்) டென்டுக்குள், தலைமாட்டில். விறகுப் புகை அடிக்கும் பக்கம் அந்தப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். கேம்ப் ஃபயர் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பல பேருக்கு இழுப்பு ஆரம்பிக்கிறது. தாத்தா பாட்டி வந்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இரண்டு நாளைக்குக் கூடுதலாக. இன்சுலினைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நெருப்பு சுட்டால் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள், பேஸ்ட்டும் இங்க்கும் வேண்டாம். கொசு மருந்தைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் தடவாதீர்கள், அடுத்த நிமிஷம் அது வாயில்தான்.

சக்லேஷ்பூர், சிக்மகளூர், ஷிவமொக்கா பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. மழைக்காலத்தில் அட்டை, அது வெறும் அருவருப்பு. மழை ஓய்ந்த மாதங்களில் உண்ணி, அது அப்படியில்லை. உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் முதன்முதலில் 1957இல் ஷிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில்தான் தெரியவந்தது, இன்றும் நவம்பர் முதல் மே வரை இந்த மலைப்பக்கத்து மலநாட்டில் வருகிறது. முழுக்கை, முழு பேன்ட், சாக்ஸுக்குள் பேன்ட். படுக்கும் முன் காது மடல் பின்னால், அக்குள், தொடை இடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தீர்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காவிரிக் கரைக்குப் போகிறவர்கள் தண்ணீரில் இறங்காமல் இருப்பது உத்தமம். சங்கமா, மேகேதாட்டு (நம் பெரியவர்கள் சொல்லும் ஆடுதாண்டு காவிரி) பக்கமெல்லாம் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் பாறைக் குழியும் சுழலும். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மழையே இல்லாமல் ஆறு ஏறும். மணல் திட்டில் டென்ட் போடவே கூடாது. சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தாங்கும், தேங்காய்ச் சட்னி தாங்காது, உங்களுக்கே தெரியும்.

நாற்பது சாமான் அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னேன். கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி மொட்டை மாடியில் டென்ட் போட்டு, எடுத்துப் போவதை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு படுத்துப் பாருங்கள் என்று. சிரித்தார், ஆனாலும் செய்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் மெசேஜ் வந்தது. டென்டில் ஒரு கம்பி குறைந்ததாம். பரணில் இருந்து எடுத்த டார்ச்சில் பேட்டரி கசிந்து துரு ஏறியிருந்ததாம். ராத்திரி இரண்டு மணிக்குச் சின்னவள் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுப்ப, அவளுடைய செருப்பைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனதாம், அதற்குள் ஜமக்காளம் நனைந்துவிட்டதாம். மறுநாள் கிளம்பும்போது பேட்மின்டன் மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஜமக்காளம் ஏற்றினார்களாம்.