கோழியின் வாலடியை அந்தியில் ஒருமுறை பாருங்கள்: புழுப் புண்ணும் ஈக்களும்

கோழிக்குப் புழு வைத்துவிட்டது என்று கூடையில் போட்டுத் தூக்கிவருகிறவர்களிடம் எப்போதிலிருந்து என்று கேட்டால், "நேத்துவரைக்கும் நல்லாத்தான் மேய்ஞ்சுது" என்பதே வழக்கமான பதில். அவர்கள் சொல்வது உண்மைதான். கோழி தன் நோவை வெளியே காட்டாது. கூட்டத்தோடு நடக்க முடிகிறவரை நடக்கும். வாலடியை இறகு மூடியிருப்பதால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இறகை விலக்கினால்தான் உள்ளே தோல் அரிக்கப்பட்டுக் கிடப்பது தெரியும்.

ஈக்கு மணிக்கணக்குப் போதும். பச்சையும் நீலமுமாக மின்னுகிற பச்சை ஈ ஒரே தடவையில் 150 முதல் 200 முட்டை வரை வைக்கும். நம் ஊர் வெக்கையில் அவை 12 முதல் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்த புழு மூன்று முதல் ஐந்து நாள் சதையைத் தின்றுவிட்டு, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள புழு கையில் வந்தால், அந்த முட்டை விழுந்து இரண்டு மூன்று நாளாகிவிட்டது என்று கொள்ளுங்கள்.

இன்னொரு ஈயும் உண்டு. கன்றுக்குட்டியின் தொப்புளிலும் நாயின் காதிலும் புழு வைக்கிற திருகுப்புழு ஈ. பச்சை ஈக்கு எச்சமோ சீழோ அழுகலோ வேண்டும். திருகுப்புழு ஈக்கு அழுக்கே வேண்டாம், உயிருள்ள சதையில் ஒரு சின்னக் கீறல் போதும். வீட்டில் மாட்டுக்கோ நாய்க்கோ புழுப் புண் இருந்தால் அதை ஆற்றுவதும் கோழிக்கான பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

ஈ எந்தக் கோழியைத் தேடி வருகிறது?

நலமாக மேய்கிற கோழியின் மேல் ஈ உட்காரும், கோழி உதறும், ஈ பறந்துவிடும். உதற முடியாத கோழியிடமும் பின்பக்கம் ஈரமாக இருக்கிற கோழியிடமும்தான் ஈ தங்கி முட்டையிடுகிறது.

கழிச்சல்தான் முதல் காரணம். குடற்புழு, ரத்தக் கழிச்சல், கெட்டுப்போன தீவனம் என எதனால் கழிந்தாலும் எச்சம் வாலடி இறகில் ஒட்டிக் காயாமல் நிற்கும். இறகை மட்டும் கழுவிவிட்டுக் கழிச்சலின் காரணத்தைப் பார்க்காமல் விட்டால், நான்கே நாளில் திரும்ப அதே நிலைதான். பல கோழிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் அது வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். அப்போது ஈயைப் பற்றி யோசிக்காமல் முதலில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

முட்டையிட்டபின் உள்சதை வெளியே தள்ளி நிற்பது, ஓடு கட்டாத தோல்முட்டை உள்ளேயே உடைந்து ஒழுகுவது, கொழுத்துப்போய் வாலடியைத் தானே கோத முடியாத கிழட்டுக் கோழி, இவையும் அதே வரிசைதான். காயங்களில் மோசமானது கீரி, நாய், பூனை கடித்த காயம். பல் இறங்கிய துளை சிறிதாக இருக்கும், இறகு மூடிவிடும், "தப்பிச்சிருச்சு" என்று விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் இறக்கைக்கு அடியில் புழு நெளியும். கடியிலிருந்து மீண்ட கோழியை அன்றைக்கே உடம்பு முழுக்க இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். சேவலின் கால்முள் கிழித்த முதுகும் அப்படித்தான். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது இல்லாவிட்டால் ஒரே பெட்டையின் முதுகு திரும்பத் திரும்பக் கிழிபடும். கோடையில் அம்மை கண்டு, கண்ணோரம் பொருக்கு கட்டிய குஞ்சுகளையும் தினமும் பாருங்கள்.

அடைக்கோழியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 21 நாள் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற உடம்பு அது. எழுந்திரிக்க மனமில்லாமல் சில கோழிகள் கூடையிலேயே எச்சமிட்டுவிடும். அடைக்கோழியின் எச்சம் மொத்தையாக, நாற்றம் கூடுதலாக இருக்கும். அடியில் ஒரு முட்டை உடைந்தால் சில மணி நேரத்தில் ஈ மொய்த்துவிடும். தினமும் ஒருமுறை கோழியைத் தூக்கி வெளியே விட்டு, தீனியும் தண்ணீரும் எடுத்து எச்சமிட்டு வர 15, 20 நிமிடம் கொடுங்கள். அதற்குள் கூடையைப் பாருங்கள். உடைந்த முட்டை இருந்தால் அதையும் நனைந்த வைக்கோலையும் எடுத்துவிட்டுப் புது வைக்கோல் போடுங்கள். கரித்துண்டும் ஆணியும் மிளகாயும் வைக்கிற வழக்கம் இருந்தால் இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. குஞ்சு பொரித்த அன்றே முட்டைத் தோட்டையும் கூமுட்டையையும் அகற்றுங்கள். கூமுட்டை வெடித்த கூடையில் தொப்புள் ஆறாத குஞ்சு கிடக்கக் கூடாது.

கோழிகள் அடைந்தபின் டார்ச் எடுத்துப் போய், ஒவ்வொன்றாகத் தூக்கி வாலடியைப் பார்ப்பது நல்ல பழக்கம். இருட்டில் அவை கலையாது. பத்துக் கோழிக்குப் பத்து நிமிடம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும், மற்ற நாளில் வாரம் இரண்டு முறை. பகலில் கவனிக்க ஓர் அடையாளம் உண்டு: ஒரு கோழியின் வாலடியை மற்ற கோழிகள் துரத்தித் துரத்திக் கொத்தினால் அங்கே புழு இருக்கலாம். கொத்துகிற கோழிக்குப் புழு தீனி, கொத்துப்படுகிற கோழிக்குப் புண் பெரிதாகும்.

இறகில் வெள்ளையாக, அரிசி நொய் போலக் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை ஈ முட்டைகள். தண்ணீர் ஊற்றினால் போகாது. அந்த இறகை வெட்டிவிடுங்கள், அல்லது பேன்சீப்பால் வழித்துச் சோப்புத் தண்ணீரில் உதறுங்கள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் வேலை அத்தோடு முடிந்தது.

புழு வைத்துவிட்டால்

கோழியைத் துண்டில் சுற்றி, ஈ வராத அறைக்குள் வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். புண்ணைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு இறகைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்காதீர்கள். புழு அரித்த தோல் நைந்துபோயிருக்கும், இறகோடு உரிந்து வந்துவிடும். அடித்தண்டு நீலமாக இருக்கிற இளம் இறகில் ரத்தம் ஓடும், அதை வெட்டாமல் விடுங்கள்.

காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி கரையுங்கள். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் புண்ணுக்குள் பீய்ச்சுங்கள். வெளிச்சம் பட்டதும் புழு உள்ளே ஓடும். அதனால் ஒரு தடவை பீய்ச்சி, வந்ததை இடுக்கியால் எடுத்ததும் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அதே உப்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் கோழியின் பின்பாகத்தை மட்டும் ஐந்து நிமிடம் அமிழ்த்திப் பிடித்தால், மூச்சுக்குக் காற்றில்லாமல் புழுக்கள் மேலே வரும். இதை இரண்டு மூன்று சுற்றுச் செய்யுங்கள். எடுத்த புழுக்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள், மற்ற கோழிகளுக்குப் போட வேண்டாம்.

துளைக்குள் நெருக்கமாக, தலை கீழும் வால் மேலுமாகக் குத்தி நிற்கிற புழு திருகுப்புழு. தண்ணீருக்கு இது எளிதில் வராது. வீட்டில் தோண்டிப் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் புழுவை மேலே வரவைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அது மாட்டுப் புண்ணுக்குப் பழகிய மருந்து. கோழிக்கு என்றால் துணியில் நனைத்துப் புண்ணின் வாயில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, துடைத்துவிட வேண்டும். எச்சத் துவாரத்துக்குள் ஊற்றக் கூடாது. டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் எதுவும் கோழியின் மேல் பட வேண்டாம். அதன் தோல் காகிதம் போல மெல்லியது. வெந்த சதையில் அடுத்த ஈ வந்து உட்காரும். புழுவுக்கென்று சீத்தா விதைப் பொடியும் போட வேண்டாம்; அது கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், கோழிக்கும் சரி, அரைக்கிறவருக்கும் சரி.

புழு போனபின் போவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்த்துப் புண்ணைக் கழுவி, நன்றாகத் துவட்டுங்கள். ஈரத்தோடு இரவில் விட்டால் குளிரிலேயே கோழி செத்துப்போகும். அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, மேலே கொசுவலை போட்டு, தீனியும் ஓஆர்எஸ் கரைத்த தண்ணீரும் வையுங்கள். கூளம் வேண்டாம், புண்ணில் ஒட்டும். அடுத்த மூன்று நாள் காலையும் மாலையும் திறந்து பாருங்கள். தப்பிய முட்டை மறுநாள் பொரியும். முதல் நாள் சுத்தமாக இருந்த புண்ணில் இரண்டாம் நாள் நூல் போன்ற புழுக்கள் தெரிவது இதனால்தான்.

ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசியை மாட்டுக்கு வாங்கியதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கோழியின் எடைக்கு அளவு மிகச் சிறியது, கை தவறினால் ஆபத்து. மருந்து முட்டையிலும் இறங்கும். எவ்வளவு போடுவது, எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். புழு துவாரத்தின் வழியே வயிற்றுக்குள் இறங்கி, கோழி கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தால், இழுத்துக்கொண்டே போகாமல் அதன் வேதனையை முடித்துவைக்க மருத்துவரின் உதவியைக் கேளுங்கள்.

ஈயை அல்ல, ஈரத்தைக் குறையுங்கள்

வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக நம் வெயிலில் 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டைக் கழுவினால் ஈ முந்திவிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை எச்சத்தை அகற்றினால் அந்தச் சுற்று அறுபடும். கோழியின் எச்சம் நாளில் ஏறக்குறைய பாதி, இரவில் அடைகிற கம்பத்துக்குக் கீழே ஒரே இடத்தில் விழுகிறது. அங்கே பழைய தகரத்தையோ பலகையையோ போட்டுச் சாம்பல் தூவி, காலையில் வழித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது.

புதிய எச்சத்தில் நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர். காய்ந்து 30 பங்குக்குக் கீழே போனால் அதில் ஈ வளராது. கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம், கை விட்டதும் உதிர்ந்தால் சரி. நெல் உமியோ கடலைத் தோலோ மூன்று அங்குலம் போட்டு, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஈரம் பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் தொடங்கும். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும், அடியில் ஜல்லி போடுங்கள். ஈரமான கூளத்தின் மேல் அப்படியே சுண்ணாம்பு தூவுவது பரவலான தவறு. அம்மோனியா கிளம்பிக் கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். ஈரத்தை வாரி வெளியே போட்டபின், நீற்றிய சுண்ணாம்பைத் தரையில் கோலமாவு அளவுக்குத் தூவலாம்.

வாரிய எச்சத்தைக் கூட்டின் பின்புறம் கொட்டினால் ஈயை இடம் மாற்றியதாகத்தான் அர்த்தம். மூன்றடிக்கு மூன்றடி குவித்து, இலைதழையோ உமியோ கலந்து, கறுப்பு பாலித்தீன் போட்டு ஓரம் முழுக்க மண் அணைத்துவிடுங்கள். குவியலின் நடுவில் சூடு 55 டிகிரியைத் தாண்டும், புழு நிற்காது. ஓரத்தில் அந்தச் சூடு இருக்காது; புழு அங்கேதான் ஒதுங்கும். அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள்.

பழைய சோறோ காய்கறித் தோலோ அரை மணி நேரத்தில் கோழிகள் தின்று முடிக்கிற அளவே போடுங்கள். மீன் கழுவிய தண்ணீரும் குடலும் கூட்டுப் பக்கமே போகக் கூடாது.

பொறி வைப்பதாக இருந்தால் பெட் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, அரை லிட்டர் தண்ணீர், ஒரு கருவாட்டுத் தலை, இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் போதும். இதைக் கூட்டிலிருந்து 25, 30 அடி தள்ளி வையுங்கள். கூட்டுக்குள் தொங்கவிட்டால் ஊர் ஈயை எல்லாம் நாமே அழைத்த மாதிரி ஆகிவிடும். மஞ்சள் ஒட்டு அட்டை உள்ளே தொங்கலாம், கோழிக்கு எட்டாத உயரத்தில். எந்தக் கயிற்றில், எந்த உத்தரத்தில் கறும்புள்ளிகள் அதிகமோ அங்கேதான் ஈ இரவில் தங்குகிறது. அட்டையை அதை ஒட்டி மாட்டுங்கள்.

பூச்சிமருந்தைக் கூளத்தில் தெளித்தால் ஈயைவிட முதலில் சாவது, ஈ முட்டையைத் தின்னும் பூச்சிகளும் கூட்டுப்புழுவைத் துளைக்கும் சிறு குளவிகளும்தான். டைக்குளோர்வாஸ், போரேட் போன்றவை கோழிக்குக் கொடிய நஞ்சு. இவ்விரண்டும் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. பழைய புட்டி வீட்டுப் பரணில் இருந்தால் கூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மருந்தில் மயங்கி விழுந்த ஈயைக் கோழி பொறுக்கித் தின்னும்.

செத்த கோழி, எலி, பெருச்சாளி எதுவானாலும் அன்றே இரண்டு மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். பிணத்தில் போட்யூலிசம் நஞ்சு உண்டாகும், அதைத் தின்ற புழுவிலும் அது இருக்கும். அந்தப் புழுக்களைப் பொறுக்கிய கோழிக்கு முதலில் கால் தளரும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து துவண்டு தரையில் கிடக்கும். வெள்ளைக் கழிச்சலின் கழுத்துத் திருகல் என்று இதைத் தவறாக நினைக்கிறார்கள். அதில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், இதில் துணி போலத் தொய்ந்துவிடும். அப்படி ஒரு கோழியைக் கண்டால் மற்றவற்றை உடனே அடைத்துவிட்டு, வேலி ஓரமும் புதர் அடியும் தேடிப் பிணத்தைக் கண்டெடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கும்.