ஷூ டப்பாவில் வந்த பொட்டலம் அந்தமானில் கேமராவைக் காப்பாற்றுமா?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் அந்தமான் போகிறார். கேமராப் பைக்குள் போடுவதற்காக ஷூ டப்பா, மாத்திரை டப்பா என்று எல்லாவற்றிலும் வந்த, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாராம். போதுமா? போதாது. அலமாரியில் கிடந்தபோதே அவற்றில் பெரும்பாலானவை காற்றின் ஈரத்தை வயிறு முட்டக் குடித்திருக்கும்.

காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். தெரிந்த கதைதான். ஜெல் அந்த ஈரத்தைக் குடிக்கிற விதம்தான் எனக்குப் பிடித்த சமாச்சாரம்.

மணலும் இதுவும் ஒரே சேர்மம், சிலிக்கன் டை ஆக்சைடு. ஆனால் இதற்குள் முழுக்கத் துளைகள், பெரும்பாலும் இரண்டு மூன்று நானோமீட்டர் அகலத்தில். ஒரே ஒரு கிராமின் உட்சுவர்களை விரித்துப் போட்டால் சுமார் 700 சதுர மீட்டர் வரும், பெங்களூர்க் கணக்கில் 30க்கு 40 அடி சைட் ஆறு! அந்தச் சுவர்களில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் வந்து ஒட்டுகின்றன, முதலில் ஓர் அடுக்கு, அதன்மேல் இன்னொன்று. அப்புறம்தான் வேடிக்கை. அடுக்குகள் தடித்து எதிரெதிர்ச் சுவர்களின் நீர் ஒன்றையொன்று தொட்டதும், துளைக்குள் நீரின் மேற்பரப்பு குழிந்துவிடுகிறது. குழிந்த பரப்பில் இருக்கும் மூலக்கூறை அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் கூடுதலாகச் சூழ்ந்து இழுப்பதால் அது ஆவியாகித் தப்புவது கடினம். அதனால் வெளியே காற்று 40, 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும்போதே துளைக்குள் ஆவி தண்ணீராகிவிடுகிறது. வெளியே வெயில், உள்ளே மழை.

வளைந்த நீர்ப்பரப்பின் இந்தக் கணக்கை 1871-ல் எழுதியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. சிலிக்கா ஜெல் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்க வேதியியலாளர் வால்டர் பாட்ரிக் காப்புரிமை வாங்கியதோ 48 வருடம் கழித்து, 1919-ல். இன்றைக்குத் தாம்சனுடையது மாதிரி ஒரு ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் போனால் 'இதனால் மக்களுக்கு என்ன பயன்' என்று எழுதித் தரச் சொல்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

சரி, உங்கள் பொட்டலங்களைச் சோதிக்க வேண்டுமா? ஒன்றைக் கிழித்து நாலைந்து மணிகளைத் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த மணி, நீர் பாய்ந்து நுழையும் வேகத்தையும் அப்போது பிறக்கும் சூட்டையும் தாங்காமல் பட்பட்டென்று விரிசல் விடும். குடித்து முடித்தது சத்தமில்லாமல் அடியில் கிடக்கும்.

30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். 20 லிட்டர் பைக்குள் அரை கிராம்தான், அதற்கு ஐந்து கிராம் ஜெல்லே ஏறக்குறையப் போதும். ஆனால் ஜிப் வழியே புதுக் காற்று வந்துகொண்டே இருக்கிறதே, பையின் ஸ்பாஞ்சும் ஈரத்தைக் கக்கும். அதனால் மூடியில் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாதான் சரி, உள்ளே 100 கிராம் ஆரஞ்சு மணி, ஈரம் குடித்து நிரம்பினால் பச்சையாக நிறம் மாறும் வகை. பச்சையானதும் ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, மூடிய பாட்டிலில் ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் ஆறும்போதே மறுபடி குடிக்கும். நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைடு என்ற நச்சு, வேண்டாம்.

அரிசி மூட்டை வைத்தியம் வீண், மாவுத்தூள்தான் உள்ளே போகும். கற்பூரமும் வேண்டாம், ஆவியாகி லென்ஸிலேயே படியலாம். ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, லென்ஸ் வளையத்தில் விபூதி பூசாமல் இருந்தால் சரி.

ஜெல்லால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. மேலே சொன்ன 30 டிகிரி, 80 சதவீதக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. ஏசி அறையில் 22 டிகிரிக்குக் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்தால் உடனே அதன்மேல் நீர் பூக்கும். அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு இறுக மூடி, வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் பொறுங்கள், பெரிய லென்ஸ் என்றால் ஒரு மணி நேரம். சூரிய உதயம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அலாரத்தை அதற்கேற்ப முன்தள்ளி வையுங்கள், கோடையில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது.