விறைக்கும் சுண்டுவிரலுக்குத் தடிப்பான கையுறை மருந்தல்ல

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் வேலை, போக வரச் சைக்கிள். வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் விறைப்பு. முதலில் சைக்கிள் ஓடும்போது மட்டும் இருந்ததாம். பிறகு இறங்கின பின்னும் ஒரு மணிநேரம் இருந்ததாம். இப்போது நாள் முழுக்க. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறது. பையிலிருந்து மூன்று சோடி கையுறைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தடிப்பு. விறைப்பு கூடக் கூட, கையுறைக்குள் மெத்தையாக வைக்கும் ஜெல்லையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் கைக்குச் சிகிச்சை கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துச் சைக்கிள் வாங்கியவர்களில் பலர் இன்னும் அதை விடவில்லை, அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். விடியற்காலை மரைன் டிரைவில் ஓடுபவர்கள், ஞாயிற்றுக்கிழமை பாராளுமன்றப் பக்கம் போகிறவர்கள், வெயில் மழை பாராமல் உணவுப் பொதி கொண்டுபோகும் தம்பிமார் என்று எல்லாரும் வருகிறார்கள். வந்து எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் தடிப்பாய் வாங்கியிருக்க வேணும்.”

இல்லை. தயவுசெய்து இதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடியும் கோட்டில், சுண்டுவிரல் பக்கம் அழுத்திப் பாருங்கள். பட்டாணி போல ஒரு சிறு எலும்பு தட்டுப்படும். அதை ஒட்டி உள்ளே, இன்னொரு எலும்பின் கொக்கிக்கும் இதற்கும் நடுவே ஓர் ஒடுங்கிய பாதை இருக்கிறது. சுண்டுவிரலுக்கு உணர்ச்சியும், விரல்களை விரிக்கிற சேர்க்கிற சிறு தசைகளுக்குப் பலமும் கொடுக்கும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. சைக்கிள் ஹாண்டிலில் நீங்கள் பாரத்தைப் போடுவது சரியாக அந்த இடத்தில்.

இப்போது அதற்கு மேல் தடித்த ஜெல் ஒன்றை வைக்கிறீர்கள். கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கும்போது அது மெத்தென்று இருக்கும். உடம்பின் பாரம் விழுந்தவுடன் அது நசிந்து பக்கத்துக்கு ஒதுங்கும், நடுவில் உள்ள பள்ளத்துக்குள்ளும் புகுந்து தள்ளும். நரம்பு இருப்பதே அந்தப் பள்ளத்தில். இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. கையுறை தடித்தால் நீங்கள் பிடிக்கும் பிடியின் சுற்றளவும் கூடுகிறது. பிடி தடித்தால் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன்கை களைக்கும், களைத்த கை பாரத்தை மணிக்கட்டில் போட்டுவிடும். சிறிய கை உள்ள பெண்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை, பிரேக்கை எட்டுவதே சிரமமாகிவிடும். பிறகு வீட்டுக்கு வந்து, “ஜெல் காணாது” என்கிறீர்கள்!

கையுறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சைக்கிள் ஓடுபவர்களின் உள்ளங்கையில் விழும் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். மெத்தை வைத்த கையுறை அழுத்தத்தை 10 முதல் 28 சதவீதம் வரை குறைத்தது. அதிலும் சற்றுக் கூடுதலாகக் குறைத்தது மெல்லிய ஃபோம் வைத்ததுதான். வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கும்போதுதான் நரம்பு போகும் அந்த இடத்தில் அழுத்தம் மிக அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே தடிப்பைப் பார்க்காதீர்கள், மெத்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெருவிரல் மேட்டில் ஒன்று, சுண்டுவிரல் மேட்டில் ஒன்று என்று பிரிந்திருந்து, நடுவில் மணிக்கட்டை நோக்கி வெறுமையான ஒரு வாய்க்கால் ஓட வேண்டும். உள்ளங்கை முழுவதையும் மூடும் ஒரே மெத்தை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜிம் கையுறையைக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் மெத்தை விரல் அடியில் இருக்கும், பாரம் தூக்கும்போது உதவும், இங்கே உதவாது. மோட்டார் சைக்கிள் கையுறை நம்முடைய வெக்கைக்குச் சரிவராது. புறக்கோட்டையில் வாங்கும் ரப்பர் புள்ளி வைத்த பின்னல் கையுறை ஒரு மழைக்கே தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும்.

அளவு எடுப்பது சுலபம். பெருவிரலை விட்டுவிட்டு, மற்ற விரல்களின் மொழிகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளவுங்கள். வலது கைக்காரர் வலது கையை அளந்தால் போதும். அப்புறம் போட்டுப் பாருங்கள். கையை விரித்து அழகு பார்ப்பதில் பயனில்லை, ஹாண்டிலைப் பிடிப்பது போல மடக்கிப் பாருங்கள். உள்ளங்கையில் துணி மடிப்பு விழுந்தால் பெரிது. அந்த மடிப்பு ஒரு மணிநேரம் கழித்துக் கொப்புளமாக வந்து நிற்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இழுத்தால் சிறிது. மணிக்கட்டுப் பட்டியை இறுக்கி ஒட்ட வேண்டாம். நரம்புக்கு மேலேயே பட்டியைக் கட்டிக்கொண்டு விறைப்பு என்று வருபவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

கொழும்பின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அரைவிரல் கையுறைதான் சரி. புறங்கைப் பக்கம் காற்றுப் போகும் வலைத்துணி, பெருவிரல் மேல் வியர்வை துடைக்கத் துவாய்த் துணி இருந்தால் நல்லது. உண்மைத் தோல் வியர்வையில் ஊறிக் காய்ந்தால் விறைத்துப் போகும், செயற்கைத் தோல் இங்கே கூடுதலாகத் தாங்கும். போட்டு முடிந்ததும் மென்மையான சவர்க்காரத்தில் கையால் அலசி நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்து, அடுத்த நாள் அதையே போட்டுத் தோல் உரிந்து வருபவர்களைக் கண்டிக்காமல் என்ன செய்வது?

கையுறையைவிட முக்கியமானது பாரம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முழுக்க முன்னால் வழுக்கி உள்ளங்கையில் வந்து நிற்கும். அதை மட்டமாக்குங்கள். ஹாண்டில் மிகத் தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள். மணிக்கட்டு மடியாமல் நேராக இருக்கட்டும், முழங்கை கொஞ்சம் மடிந்திருக்கட்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்சக் காற்றழுத்தம். அந்த அளவுக்கு ஏற்றிக்கொண்டு ஓடினால் வீதியின் ஒவ்வொரு குழியும் கைக்குத்தான் வரும். உணவு கொண்டுபோகும் தம்பிமாரே, உங்கள் சைக்கிளைச் சரிப்படுத்த அரை மணிநேரம் ஒதுக்குங்கள். அந்தக் கைதானே உங்கள் பிழைப்பு.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு தாளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில் நேராக இடுக்குங்கள், இன்னொருவர் இழுக்கட்டும். தாளை விடாமல் பிடிக்கப் பெருவிரலின் நுனி மூட்டு மடிந்தால் தசை பலம் இழந்திருக்கிறது. விறைப்பே இல்லாமல் பலம் மட்டும் குறைவதும் உண்டு, ஆகவே “எனக்கு விறைப்பு இல்லை” என்று இருந்துவிட வேண்டாம். சைக்கிளை இரண்டு நாள் விட்டும் விறைப்பு போகவில்லை என்றாலோ, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கையில் குழி விழுந்தாலோ உடனே காட்டுங்கள். அழுத்தத்தை நேரத்தோடு எடுத்துவிட்டால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பி வரும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் பக்கம் விறைத்தால் அது வேறு நரம்பு. காலும் சேர்ந்து விறைத்தால் சைக்கிளைக் குறை சொல்லாமல் முதலில் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள்.

சரி, விழுந்தால்? விழும்போது கை தானாக முன்னால் போகும். மழைக்குப் பின் வீதியில் போட்ட வெள்ளைக் கோடுகள் சறுக்கும், நிறுத்தின காரின் கதவு திடீரென்று திறக்கும். அப்போது உள்ளங்கைத் தோலைக் காப்பாற்றுவது கையுறைதான். தாரில் உரசி மண் ஏறிய உள்ளங்கையைச் சுத்தம் செய்வது எவ்வளவு நோகும் என்று கண்டவர் யாரும் வெறுங்கையோடு ஓட மாட்டார். தோல் கிழிந்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்றும் யோசியுங்கள்.

ஆனால் எலும்பைக் கையுறை காப்பாற்றாது. பெருவிரலை மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிறு குழி தெரியும். விழுந்த பின் அந்தக் குழியில் அழுத்தும்போது நோகிறதென்றால், உள்ளே உள்ள சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். அதனால்தான் பத்து முதல் பதினான்கு நாளில் திரும்ப எடுக்கச் சொல்கிறோம். அந்த எலும்புக்கு இரத்தம் வருவதே குறைவு, விட்டுவிட்டால் ஒட்டாமலே போய்விடும். சுளுக்கு என்று சொல்லி நோவெண்ணெய் பூசி உருவிவிட்டு, மூன்று மாதம் கழித்து என்னிடம் வராதீர்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் நோவு நிற்கவில்லை என்றால் மணிக்கட்டை அசைக்காமல் கட்டிவைத்து, இரண்டாவது எக்ஸ்ரேக்குப் போங்கள்.