'டெலி' என்றால் என்ன?

டெலிபோன், டெலிவிஷன், டெலஸ்கோப். மூன்றுக்கும் தலையில் நிற்பது 'தேலெ' என்ற பழைய கிரேக்கச் சொல். 'தொலைவில்' என்று பொருள். ஹோமரின் ஒடிசியில் வரும் டெலிமாக்கஸ் என்ற பெயரிலும் இதுதான் இருக்கிறது: தொலைவில் போரிடுபவன்.

ஆனால் கருவிகளுக்கு இதை ஒட்டவைத்தவர்கள் பிற்கால ஐரோப்பியர்கள். 1611இல் ரோமில் கலிலியோவுக்கு நடந்த விருந்தில்தான் அவருடைய குழாய்க்கு டெலஸ்கோப் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. 1790களில் பிரான்சில் கிளாட் ஷாப் கோபுர உச்சியில் மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பினார். அதுதான் முதல் டெலிகிராப். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. டெலிவிஷன் 1900இல் பாரிசில் பிறந்த சொல். தலை கிரேக்கம், உடல் லத்தீன்.

ஜெர்மானியர்கள் தங்கள் 'ஃபெர்ன்' (தூரம்) என்ற சொல்லைக் கொண்டு டெலிவிஷனை ஃபெர்ன்சேஹன் ஆக்கினார்கள். இந்தியில் தூர்தர்ஷன். சீனர்களோ தூரத்தை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்; அவர்களுக்கு டெலிபோன் என்பது மின்பேச்சு. தமிழிலும் டெலிகிராப்புக்கு வந்த பெயர் கம்பியைக் குறிக்கும் 'தந்தி'தான்.

மற்றவற்றுக்குத் தமிழில் 'தொலை' வந்து உட்கார்ந்துவிட்டது: தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி, தொலைநகல். ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்துவதைப் பார்த்து, தொலையிலிருந்துதான் டெலி போனது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டு சொற்கள் ஒத்து ஒலித்தால் மட்டும் உறவு ஆகிவிடாது. மற்ற சொற்களிலும் அதே ஒலிமாற்றம் ஒழுங்காக வரவேண்டும், போன வழியும் தெரியவேண்டும். தற்செயலாக அமைந்த நல்ல பொருத்தம், அவ்வளவுதான்.

இன்னொரு தற்செயலும் இருக்கிறது. தொலைதல் என்றால் அழிதல், முடிதல் என்றும் பொருள். சங்கப் பாடல்களில் பிரிவால் தலைவியின் நலம் 'தொலையும்'. கிரேக்கத்திலும் முடிவைக் குறிக்க 'தெலொஸ்' என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அங்கே அது 'தேலெ'யிலிருந்து வேறான சொல். டெலியாலஜி வந்தது இந்தத் தெலொஸிலிருந்து. எல்லாம் ஏதோ ஒரு முடிவை, நோக்கத்தை முன்வைத்து நடக்கிறது என்ற கருத்து அது. பார்த்தவுடன் 'தொலையியல்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நோக்கக் கொள்கை என்றால் சரி.