கவர்னர் என்றால் ஆளுநரா?

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கான தமிழ்க் குறிப்பு ஒன்றில் 'செயலி ஆளுநரை மாற்றுக' என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் அது சிபியூ கவர்னர், கணினிச் செயலி எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருள். நான் இதைப் பார்ப்பது மூன்றாவது தடவை. அடுத்த வரியில் 'பழமைவாத ஆளுநர்' வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பற்றிப் படிக்கிறோமா, ஆளுநர் மாளிகைச் செய்தியா? போதாக்குறைக்கு, 'செயலி' என்றாலே இன்று பாதிப் பேருக்குக் கைபேசி ஆப்தான்.

சொல்லின் பிறப்பு எளிது. கப்பலைத் திசைபிடித்து ஓட்டுவதைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் கவர்னர் ஆனது. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டு வேகத்தைப் பிடித்துவைத்த கருவிக்கும் அதே பெயர். கெர்னலுக்கு வந்தது இந்தக் கருவிதான், மாளிகைக்காரர் அல்ல. டீசல் மெக்கானிக் கவர்னர் என்கிறார். அவர் வாயில் ஆளுநர் வந்து நான் கேட்டதில்லை.

'சரி, சீராக்கி என்று வைத்தால்?' என்றார் நண்பர். அங்கேதான் சிக்கல். மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டர் கெர்னலில் தனியாகவே இருக்கிறது. சீராக்கி அதற்குத்தான் பொருந்தும். கவர்னர் வேலைப்பளுவைப் பார்த்துச் செயலிக்கு எந்த அதிர்வெண், அதாவது எந்த வேகம், வேண்டும் என்று முடிவு செய்கிறது. வன்பொருளை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அதை நிறைவேற்றுகிறது. வேகத்தைக் கூட்டும்போது முதலில் ரெகுலேட்டரிடம் சொல்லி மின்னழுத்தத்தை ஏற்றி, அப்புறம்தான் அதிர்வெண்ணை ஏற்ற வேண்டும், குறைக்கும்போது தலைகீழ். வரிசை மாறினால் பலகை இயங்காமல் நின்றுவிடலாம். இதைத் தமிழில் எழுதும்போது 'சீராக்கி கேட்க, சீராக்கி கொடுக்கும்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? இத்தனை பாடும் எதற்கென்றால், சில்லு இயங்கச் செலவாகும் மின்திறன் அதிர்வெண்ணோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. இரண்டையும் 20 சதவீதம் இறக்கினால் அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

'கட்டுப்படுத்தி'யும் ஆகாது. லாரியில் பூட்டும் கவர்னர் வேகத்தை மறிக்க மட்டும் செய்யும். கெர்னலில் இருப்பது ஏற்றவும் செய்யும். தவிர, கன்ட்ரோலர் என்று எது வந்தாலும் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். 'வேக ஆளி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூல்களில் ஆளி என்றால் சுவிட்ச்.

நான் சொல்வது 'வேகச் சுக்கானி'. சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. மூலச்சொல்லின் கப்பலும் கூடவே வருகிறது. சுக்கான் அரபுச் சொல்தானே என்று தூய்மைக்காரர்கள் வருவார்கள். வரட்டும், சுக்கானிக்கு மீகான் என்ற சொல்லும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும். கடலுக்குப் போகிறவரிடம் எது புரிகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வரட்டும்.

அந்தப் 'பழமைவாத' (கன்சர்வேடிவ்) கவர்னர் செய்வதெல்லாம் அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றி இறக்குவதுதான். 'நிதானம்' என்ற ஒரு சொல் போதும். அதேபோல் 'செயல்திறன்' என்று மொழிபெயர்த்திருக்கும் 'பெர்ஃபார்மன்ஸ்' கவர்னர் எப்போதும் உச்சத்திலேயே நிற்கும்; பை 4 ஆக இருந்தால் வேலை இல்லாத நேரத்திலும் 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்காமல் 1500இலோ, புதிய பலகையானால் 1800இலோ நிற்கும். அதை 'முழு வேகம்' என்று எழுத என்ன தயக்கமோ தெரியவில்லை.