கள்ளிக் குட்டி ஏன் அழுகுகிறது?

பள்ளி விடுமுறை முடிந்த சில வாரங்களில் எங்கள் நாற்றுப் பண்ணைக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். நாங்கள் இருக்கும் தாப்பாவிலிருந்துதான் கேமரன் மலைக்கு ரோடு ஏறுகிறது. மேலே போனவர்கள் ஆசையாக ஓர் உருண்டைக் கள்ளி வாங்கி வருகிறார்கள். அது குட்டி போடுகிறது. குட்டியைப் பிரித்து நட்டால் அழுகிப் போகிறது. “தினமும் தண்ணி ஊத்தினேனே, அண்ணே!” என்பார்கள். அழுகியதற்குக் காரணமே அந்தத் தண்ணீர்தான்.

பிரித்தெடுத்த குட்டிக்கு வேர் கிடையாது. வேர் இல்லாமல் அது தண்ணீரை இழுக்க முடியாது. ஆனால் அறுபட்ட இடம் திறந்த புண்ணாக இருப்பதால், ஈர மண்ணில் உள்ள பூஞ்சை அதன் வழியாக உள்ளே போய்விடும். அதுவும் மேலே பிரிஞ்சாங், தானா ராத்தா ஊர்களின் குளிரில் இருந்த செடி இங்கே மலையடிவார வெக்கைக்கு வருகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குட்டி வாடிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கள்ளி தன் தோலிலுள்ள நுண்ணிய துளைகளை இரவில்தான் திறக்கும், நீர் வீணாகாமல் பகல் வெயிலில் மூடி வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் நீரிலேயே சில வாரங்கள் மண் இல்லாமலும் இருக்கும்.

அதனால் முதல் வேலை காய வைப்பது. மாமில்லேரியா, எக்கினோப்சிஸ், ரெபூட்டியா வகைகள் தாராளமாகக் குட்டி போடும். குட்டி 20 சென் காசு அளவுக்காவது வளரட்டும். சில மாமில்லேரியாவில் கை பட்டாலே கழன்று வரும். மற்றதை மெதுவாகத் திருகுங்கள், வராவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கத்தியால் அறுத்தெடுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், பழைய பேப்பர் மேல் போட்டு வையுங்கள். புத்தகங்களில் மூன்று நாள் போதும் என்று இருக்கும். நம் ஊர்க் காற்றுக்கு ஒரு வாரம் விடுங்கள், புண் பெரிதென்றால் பத்து நாள். தொட்டால் தோல் மாதிரி வறண்டு இறுகியிருக்க வேண்டும். மஞ்சள்தூள் பூசலாமா, சாம்பல் தடவலாமா என்று கேட்கிறார்கள். நன்றாகக் காய்ந்தால் எதுவுமே தேவையில்லை.

கடையில் பையில் விற்கும் கறுப்பு மண்ணை அப்படியே போடாதீர்கள், அது ஈரத்தை விடாது. பாதிக்குப் பாதி பருமனான ஆற்று மணல், மீதி எரித்த உமியும் கரித்துண்டும் சேர்த்தால் போதும். கடல் மணலில் உப்பு இருக்கும், வேண்டாம். அடியில் ஓட்டையுள்ள சின்ன மண்சட்டி நல்லது. குட்டியைப் புதைக்காமல், அடிப்பாகம் மண்ணில் படும்படி உட்கார வையுங்கள். முதல் வாரம் தண்ணீரே வேண்டாம். அப்புறம் மண் காயக் காயக் கொஞ்சமாகத் தெளியுங்கள். இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் வேர் விடும். லேசாக அசைத்துப் பார்த்தால் பிடித்திருப்பது தெரியும். காலை வெயில் படட்டும். ஆனால் தகரக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம். தோட்டத்து வீடுகளில் பாதிக் கள்ளி அங்கேதான் சாகிறது.

இன்னொன்று, பலருக்கும் யாரும் சொல்லாதது. பச்சைத் தண்டின் மேல் சிவப்போ மஞ்சளோ உருண்டை உட்கார்ந்திருக்கும் செடி இரண்டு செடிகளின் ஒட்டு. மேலே இருப்பது ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளி. 1941இல் ஜப்பானிய நாற்றுக்காரர் வத்தனாபே தன் நாற்றுகளுக்கிடையே கண்ட சிவப்புக் கன்றுகளிலிருந்து பரவியது. அந்தச் சிவப்பில் பச்சையம் இல்லை, சொந்தமாக உணவு செய்துகொள்ள முடியாது. கீழே இருக்கும் டிராகன் பழச் செடியின் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அதன் குட்டியை எவ்வளவு பக்குவமாக மண்ணில் நட்டாலும் பிழைக்காது. வளர்க்க ஆசையிருந்தால் வேறொரு டிராகன் பழத் தண்டைக் குறுக்கே சீவி, இரண்டின் வெட்டு முகத்திலும் நடுவில் தெரியும் வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி குட்டியை வைத்து, ரப்பர் வளையம் போட்டு ஒன்றிரண்டு வாரம் நிழலில் விடுங்கள். டிராகன் பழச் செடி நம் பக்கம் வேலியோரத்தில்கூடக் கிடைக்கும். ஒட்டுக் கள்ளி சில வருடங்கள்தான் நிற்கும் என்பதையும் விற்பவர்கள் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

விதை போட்டும் வளர்க்கலாம். மூடாமல் மேலாகத் தூவினால் சில வாரங்களில் முளைக்கும், ஆனால் உருண்டையாகப் பார்க்க வருடக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கடைசியாக, சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. கள்ளிக்கு அது கெடுதல், நமக்கு அதைவிடக் கெடுதல். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். வீட்டில் கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார இலாகா அபராதம் போடலாம். தட்டை எடுத்துவிடுங்கள். தரை நனையக் கூடாதென்றால், தண்ணீர் ஊற்றி வடிந்த உடனே தட்டைக் கவிழ்த்துத் துடைத்து வையுங்கள்.